மாஸ்க் வேண்டாம் என்பவரிடம் முதலில் என்ன கேட்பது?

என் அறை வாசல் வரை மாஸ்க்கை ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டு வருவார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்று கேட்பேன். உடனே ஒரு விரல் மேலே போகும், மாஸ்க் தாடைக்கு இறங்கும், அப்புறம்தான் பேச்சு வரும். இருமல்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். இருமுவதற்காகவே மாஸ்க்கைக் கீழே இழுத்து, இருமி முடித்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்வார்கள். எந்த நொடிக்காக மாஸ்க் போடச் சொன்னோமோ, சரியாக அந்த நொடியில் அது தாடையில் கிடக்கும்.

நான் நுரையீரல் மருத்துவர். கொரோனா காலத்தில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. வார்டில் மூச்சுக்குப் போராடுகிறவர்களை விட்டுவிட்டு வெளி நோயாளிகளைப் பார்க்க வந்து உட்கார்ந்தால் இந்தக் காட்சி. பிடிவாதம், அலட்சியம் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு தப்பு என்று புரிய மாதங்கள் ஆயின.

மறுப்பவர்கள் அதிகம் சொல்வது, "மூச்சு முட்டுது டாக்டர்." இதைப் பொய் என்று தள்ளிவிடக் கூடாது. முட்டுகிற உணர்வு நிஜம்தான். மூக்கையும் உதட்டையும் சுற்றியுள்ள தோல், உள்ளே போகும் காற்றின் குளிர்ச்சியை உணர்ந்துகொண்டே இருக்கும். மாஸ்க்குக்குள் நாம் விட்ட வெதுவெதுப்பான ஈரக்காற்றே திரும்ப முகத்தில் படுவதால் அந்தக் குளிர்ச்சி தெரிவதில்லை. காற்றே போதவில்லை என்பது போல மனது தவிக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு நான் வாயால் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிவிட்டு, மாஸ்க்கோடு பத்து நிமிடம் பேசிக்கொண்டிருப்போம். 97 என்று தொடங்கியது கடைசியிலும் 97, 98 என்றே நிற்கும். எண்ணைத் தன் கண்ணால் பார்த்தவர் அதற்கப்புறம் என்னோடு வாதாடியதில்லை.

ஒருவர் மட்டும் மடக்கினார். "கரியமில வாயு துணி வழியா வெளியே போயிடும்னா, அவ்வளவு சின்ன வைரஸ் மட்டும் எப்படி நிக்கும்?" நல்ல கேள்வி. வைரஸ் தனியாகப் பறப்பதில்லை. எச்சில், சளியின் நுண்துளிகளில் ஏறித்தான் பயணம் செய்கிறது. வாயு மூலக்கூறோடு பார்த்தால் அந்தத் துளிகள் மலை மாதிரி. அதோடு, நல்ல மாஸ்க் சல்லடை போல வேலை செய்வதில்லை. அதன் நடு அடுக்கில் ஏற்றி வைத்திருக்கும் நிலைமின்சாரம் துகள்களை இழுத்து ஒட்டவைத்துக்கொள்கிறது. என்-95 என்ற பெயரில் இருக்கும் 95, பிடிப்பதற்கு மிகச் சிரமமான 0.3 மைக்ரான் அளவுத் துகள்களிலும் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும் என்பதைக் குறிக்கிறது. கன்னத்தின் ஓரம் இடைவெளி இருந்தால் எந்த வடிகட்டியும் வீண். மூக்கின் மேல் இருக்கும் கம்பியை அழுத்திவிடச் சொல்வது அதனால்தான்.

நுரையீரல் ஏற்கெனவே பழுதாகி, நாலு எட்டு நடந்தாலே இளைப்பு வருகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களிடம் "எல்லாருக்கும் பொது விதி" என்று பேசக் கூடாது. எந்த வகை, எவ்வளவு நேரம் என்பதை ஒவ்வொருவருக்கும் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறவர்களுக்கு மாஸ்க் போட்ட உலகமே ஊமையாகிவிட்டது. ஓர் அம்மா என் மாஸ்க்கைக் காட்டிக் கையை விரித்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து மேசையில் ஒரு பேப்பர் பேட் இருக்கிறது.

மூச்சுக்கு அடுத்தது நம்பிக்கை. "முதல்ல வேண்டாம்னீங்க, இப்ப வேணும்ங்கறீங்க. எதை நம்பறது?" இதற்கு நாங்கள் தலைகுனிந்துதான் பதில் சொல்ல வேண்டும். 2020 தொடக்கத்தில், நோயில்லாதவர்களுக்கு மாஸ்க் தேவையில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஏப்ரல் 3 அன்று துணி மாஸ்க்கைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தது. உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை ஜூன் 5 அன்று மாற்றியது. அறிகுறி தெரியும் முன்பே ஒருவரிடமிருந்து நோய் பரவும் என்பது இடையில் தெளிவாகிவிட்டிருந்தது. இருக்கிற மாஸ்க் மருத்துவமனைகளுக்கே போதாது என்ற பயமும் ஆரம்பத்தில் இருந்தது. அதை மறைக்காமல் அப்போதே சொல்லியிருக்கலாம். "உங்களுக்குத் தேவையில்லை" என்று நானும்தான் என் நோயாளிகளிடம் சொன்னேன். இப்போது யாராவது கேட்டால், "அன்று சொன்னது தவறு, தெரிந்ததும் மாற்றிக்கொண்டேன்" என்கிறேன். அதைக் கேட்டபின் எதிரே இருப்பவரின் குரல் தணிந்துவிடுகிறது.

படித்தவர்கள் மறுக்கமாட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1910-11இல் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென்-தே, நோய் காற்று வழியாகவே பரவுகிறது என்று சொல்லி பஞ்சும் மெல்லிய துணியும் வைத்த மாஸ்க்கைப் போடச் சொன்னார். அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அதே பிளேக்கில் இறந்துபோனார். 1919 ஜனவரியில், இன்ஃப்ளூயன்சா காலத்து சான் ஃபிரான்சிஸ்கோவில் மாஸ்க் எதிர்ப்புச் சங்கமே உருவானது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஒரு வழக்கறிஞர். மாஸ்க் போடாவிட்டால் அபராதமும் சிறையும் இருந்த ஊர் அது. தண்டனைக்குப் பயந்து போட்டவர்கள், முந்தைய நவம்பரில் முதல் உத்தரவு விலகிய அன்றைக்கே கழற்றித் தெருவில் வீசினார்கள்.

அப்படியானால் எது வேலை செய்தது? வங்கதேசத்தில் 600 கிராமங்களில், சுமார் 3.4 லட்சம் பேரிடம் நடந்த ஆய்வை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பேன். வீடு தேடிப்போய் இலவசமாக மாஸ்க் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்களும் மதத் தலைவர்களும் தாங்கள் போட்டுக் காட்டினார்கள். போடாமல் வருபவரிடம் பொது இடத்தில் ஓர் ஆள் நேரில் நின்று தன்மையாக நினைவூட்டினார். சரியாகப் போடுகிறவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். செல்போன் குறுஞ்செய்திகளால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. சர்ஜிகல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில், அறிகுறியோடு உறுதியான தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது; 60 வயதைத் தாண்டியவர்களிடம் சுமார் 35 சதவீதம். துணி மாஸ்க்கில் அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. எதிரே மனிதராக ஒருவர் நின்று சொன்னது பலித்திருக்கிறது. என் கோபம் பலிக்கவில்லை.

கோபத்தால் நான் இழந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர், ஆஸ்துமாவுக்காக வருடக்கணக்கில் என்னிடம் வந்துகொண்டிருந்தவர். மாஸ்க்கைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். "கையில வெச்சிருக்கத்தான் குடுத்தாங்களா?" என்று எல்லார் முன்பும் கத்திவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். அடுத்த மாதம் மருந்துச் சீட்டுக்கு அவர் மனைவி மட்டும் வந்தார்கள். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தீ விபத்தில் புகைக்குள் மாட்டிக்கொண்டாராம், யாரோ ஈரத்துணியால் முகத்தை மூடி இழுத்து வந்தார்களாம். "அதிலிருந்து போர்வையைக்கூட முகத்துக்கு மேலே ஏத்த மாட்டார் டாக்டர். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பார்."

அன்று மாலையே நான் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து பழகச் சொன்னேன். முதல் நாள் கையால் முகத்தருகே பிடித்தால் போதும், மாட்ட வேண்டாம். அப்புறம் ஒரு நிமிடம், பிறகு இரண்டு. பயம் வந்தால் கழற்றும் உரிமை அவருக்கே. மூன்று வாரத்தில் திரும்ப வந்தார்.

இப்போதும் சளிக்காலத்தில் அவர் முறை வரும்வரை வெளியே திறந்தவெளியில் நிற்பார். உள்ளே வந்தால் பத்து நிமிடம் மாஸ்க்கோடு உட்காருவார். எட்டாவது நிமிடத்தில் கண் கதவுப் பக்கம் போகும். பேச்சைச் சுருக்கிச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன்.