டெனோடீசிஸ் பிடி: தமிழில் நாணிழுப்புப் பிடி

முழங்கையை மேசையில் ஊன்றி, கையைத் தளர்த்தி, மணிக்கட்டைத் தொங்கவிடுங்கள். விரல்கள் தாமே விரியும். இப்போது மணிக்கட்டைப் பின்பக்கம் வளையுங்கள். விரல்கள் தாமே சுருளும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் போய் ஒட்டும். இதுதான் டெனோடீசிஸ். கழுத்துத் தண்டுவடத்தில் சி6 (ஆறாவது கழுத்து நரம்பு) மட்டத்தில் அடிபட்டவருக்கு விரல்களை மடக்கும் தசை இயங்காது, மணிக்கட்டைத் தூக்கும் தசை இயங்கும். டம்ளரானாலும் மட்டையானாலும் அவர் பிடிப்பது மணிக்கட்டு வளைவால் வரும் இந்த இழுப்பை நம்பித்தான்.

கிரேக்கத்தில் 'டெனோன்' என்றால் தசைநாண், தசையை எலும்போடு சேர்க்கும் இழை. இழுத்து விறைப்பாக்குதல் என்ற வினையிலிருந்து பிறந்தது. 'டெசிஸ்' என்றால் கட்டுதல். வில்லில் இழுத்துக் கட்டியதையும் (நாண்) இடுப்பில் கட்டியதையும் (அரைஞாண்) ஒரே சொல்லால் குறித்த தமிழுக்கு இது அந்நியமே இல்லை. தசைநார் என்று எழுதினால் எலும்போடு எலும்பைச் சேர்க்கும் இழையோடு குழம்பும். நாண் என்பதே நல்லது.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தசைநாண் பிணைப்பு'. அறுவை சிகிச்சைக்கு அது சரி, அங்கே நாணை எலும்போடு நிஜமாகவே பொருத்துகிறார்கள். பிடிக்கு ஒவ்வாது. இங்கே எதுவும் பிணைக்கப்படவில்லை, மணிக்கட்டு வளையும்போது நாண் இழுபடுகிறது, அவ்வளவுதான். ஆகவே 'நாணிழுப்புப் பிடி'.

பிணைப்பு என்று புரிந்துகொண்டவர், ராக்கெட்டைக் கையோடு கட்டும்போது மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிவிடுவார், இழுப்பு செத்துப்போகும். சக்கர நாற்காலி டென்னிஸின் குவாட் பிரிவில் (கால்களோடு கைகளும் பாதிக்கப்பட்டவர்களுக்கானது) ராக்கெட்டைக் கையோடு கட்டிக்கொள்ள விதி இடம் தருகிறது, ஏனென்றால் பந்து மோதும் அதிர்ச்சியை இந்த இழுப்பு மட்டும் தாங்காது. கட்டும்போது முதலில் உள்ளங்கையில் மெல்லிய பஞ்சுப் பட்டை. கைப்பிடி உள்ளங்கையில் குறுக்காகச் சாய்ந்திருக்க வேண்டும். எலாஸ்டிக் பட்டையை விரல்கள் மேலும் கைப்பிடி மேலும் எட்டு வடிவில் சுற்றி, மணிக்கட்டு ரேகைக்கு முன்னால் நிறுத்துங்கள். மணிக்கட்டையே தூக்க முடியாத சி5 (ஒரு மட்டம் மேலே அடிபட்ட) ஆட்டக்காரருக்குத்தான் மணிக்கட்டுத் தாங்கி. கட்டியபின் நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். இந்த ஆட்டக்காரர்களுக்குத் தோலில் உணர்ச்சி குறைவு. இறுக்கம் வலிக்காது, புண் மட்டும் வரும்.

கைப்பிடி தடித்தால் விரல்கள் சுற்றிவராது, மெலிந்தால் உருளும். இன்னொரு தவறு பயிற்சியில் நடக்கிறது: மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேரப் பின்னுக்கு வளைத்து நீட்டினால் நாண் தளர்ந்துவிடும். மணிக்கட்டு பின்னால் போகும்போது விரல்கள் சுருண்டிருக்கட்டும். விரல்களை நீட்டுவதானால் மணிக்கட்டு தொங்கட்டும்.