தெர்மோஸ்டாட் வால்வை கழட்டி வீசினா வண்டி கூலா ஓடுமா?

தேனி மாவட்டம் போடியில இருந்து கேரள எல்லையில மலை மேல இருக்குற போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. காலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் போற ஜீப்பெல்லாம் சின்ன கியர்லயே உறுமிக்கிட்டு ஏறும், அதுல நிறைய வண்டியில தெர்மோஸ்டாட் வால்வே இருக்காது, கழட்டிட்டாங்க. இஞ்சின்ல சூடான தண்ணி, அதை ஆறவைக்கிற ரேடியேட்டருக்கு போற வழிய சூட்டுக்கு தக்கபடி தொறந்து மூடுற வால்வு அது. கேட்டா "அது தண்ணிய மறிக்கும்ணே, இல்லேன்னா ஃப்ரீயா ஓடும், இஞ்சின் சூடாகாது"ம்பாங்க. கேக்க நியாயமாத்தான் இருக்கு, ஆனா சில இஞ்சின்ல இது அப்படியே தலைகீழ்.

உள்ளங்கையில அடங்குற சாமான் அது. நடுவுல ஒரு பித்தளை குப்பி, அதுக்குள்ள மெழுகு, சூடு சீக்கிரம் பரவணும்னு செம்புத்தூள் கலந்திருப்பாங்க. மெழுகு நடுவுல ஒரு ரப்பர் உறை, அதுக்குள்ள ஒரு கம்பி. மெழுகு உருகுனா பெருக்கும், பெருக்குனா போக எடம் இல்லாம ரப்பரை நெருக்கி கம்பிய வெளிய தள்ளும். கம்பியோட தலை ஃப்ரேம்ல முட்டிக்கிட்டு நிக்கிறதால அது நகராது, குப்பிதான் ஸ்பிரிங்கை அமுக்கிட்டு எறங்கும், கூடவே வால்வு தட்டும் எறங்கி ரேடியேட்டருக்கு வழி விடும். கரண்டு கிடையாது, ஒயர் கிடையாது. 1930கள்ல செர்ஜியஸ் வெர்னேங்குறவர் கொண்டுவந்த ஏற்பாடு இது. அதுக்கு முன்னாடி மடிப்பு மடிப்பா இருக்குற பெல்லோஸ்க்குள்ள ஆவியாகுற திரவத்தை அடைச்சு வச்சிருந்தாங்க, ரேடியேட்டருக்கு பிரஷர் மூடி வந்தப்புறம் அந்த பிரஷரே பெல்லோஸை அமுக்கி கணக்கை கெடுத்துச்சு, மெழுகுக்கு அந்த தொல்லை இல்ல.

வால்வு மேல 82ன்னு குத்தியிருந்தா 82 டிகிரில தொறக்க ஆரம்பிக்கும், முழுசா தொறக்க 95 கிட்ட வந்துரும். அதுவரைக்கும் தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம பைபாஸ் வழியா இஞ்சினுக்குள்ளயே சுத்தும், அதனால சீக்கிரம் சூடேறும். சமவெளியில தேவாரம் ரோட்டுல காத்து நல்லா அடிக்க ஓட்டுறப்ப வால்வு அரைகுறையாத்தான் தொறந்திருக்கும், கொஞ்சம் தொறக்கும் கொஞ்சம் மூடும், டேஷ்போர்டுல சூடு காட்டுற ஊசி நடுவுல அசையாம நிக்கும்.

இப்ப மலை ஏறுறோம். ஆள் நிறைய, வேகம் கம்மி, காத்தும் கம்மி. வால்வு முழுசா தொறந்துருச்சு. அதுக்கு மேல சூடு ஏறுனா தெர்மோஸ்டாட்டால ஒண்ணும் பண்ண முடியாது, அப்புறம் எல்லாம் ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் பாடு. அது காவல் காக்குறது கீழ் எல்லையை, மேல் எல்லையை இல்ல. 88க்கு பதிலா 82 வாங்கி மாட்டுனாலும் ஏத்தத்துல கொதிக்கிற வண்டி கொதிக்கத்தான் செய்யும். ரேடியேட்டர்ல பாதி டியூப்பு அடைச்சு கிடக்க வால்வை குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது?

கழட்டுனா இன்னொரு வில்லங்கம் இருக்கு. நிறைய இஞ்சின்ல தெர்மோஸ்டாட்டுக்கு அடியில இன்னொரு சின்ன தட்டு இருக்கும், மேல ரேடியேட்டர் வழி தொறக்க தொறக்க அந்த கீழ் தட்டு பைபாஸ் ஓட்டையை மூடிக்கிட்டே வரும். வால்வையே தூக்கிட்டா பைபாஸ் எப்பவும் தொறந்தே கெடக்கும், சுடுதண்ணில ஒரு பங்கு ரேடியேட்டருக்கு போகாம குறுக்கு வழியில திரும்ப இஞ்சினுக்கே வரும். கூலா ஓடணும்னு கழட்டுன வண்டி ஏத்தத்துல முன்னைவிட சூடாகுறது இப்படித்தான்.

சாயங்காலம் எறக்கத்துல கதை வேற. ஆக்சிலரேட்டர்ல காலே இல்ல, எரியிறதும் இல்ல, மேட்டுக் குளிர் காத்து மூஞ்சில அடிக்குது, வால்வு இல்லாத இஞ்சின்ல தண்ணி தடுப்பில்லாம ரேடியேட்டர்ல சுத்தி ஊசி மடமடன்னு எறங்கும். குளிர்ந்த இஞ்சின் நல்லதுன்னு நெனைக்காதீங்க. எரியாத எரிபொருள் சிலிண்டர் சுவத்துல படிஞ்சு ஆயிலோட கலக்கும், உள்ள வர்ற நீராவி வெளியேறாம தண்ணியாவே தங்கிரும். ஆயில் ஊத்துற மூடிய தொறந்தா அடிப்பக்கம் மோர்ல தெரண்ட வெண்ணெய் மாதிரி வெளுத்து ஒட்டியிருக்கும் பாருங்க, அதுக்கு இது ஒரு காரணம் (ஹெட் கேஸ்கெட் போனாலும் அப்படி வரும், அதையும் பாத்துக்கணும்). புது வண்டின்னா இசியூ, அதாவது இஞ்சினை கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர், இஞ்சின் இன்னும் சூடாகலேன்னு நெனச்சு எரிபொருளை கூட்டி விடும், மைலேஜ் போச்சு. பழுது பாக்குற ஸ்கேனர்ல பி0128ன்னு (P0128) எரர் கோட் வந்தா மொதல்ல சந்தேகப்பட வேண்டியது தொறந்தபடியே மாட்டிக்கிட்ட தெர்மோஸ்டாட்டைத்தான்.

மூடியபடி மாட்டிக்கிட்டா ஆபத்து அதிகம், ஊசி சிவப்புக்கு போகும், ஆனா ரேடியேட்டருக்கு கீழ போற ஹோஸ் சில்லுன்னு இருக்கும். அதுக்காக சூட்டோட ரேடியேட்டர் மூடிய திருகிறாதீங்க, பிரஷர் போன நொடியே 100 டிகிரிக்கு மேல அடங்கிக் கெடந்த தண்ணி பொங்கி மூஞ்சில அடிக்கும்.

சந்தேகம்னா வால்வை கழட்டி சட்டித் தண்ணில கட்டித் தொங்கவிட்டு அடுப்புல வச்சு தெர்மாமீட்டரோட பாருங்க, எத்தனைல வாய் பிரியுதுன்னு கண்ணாலயே தெரியும். சட்டி அடியில படவிடாதீங்க, அங்க சூடு கூட. நல்லா இருந்தா திரும்ப மாட்டுங்க, இல்லேன்னா புதுசு. மாட்டுறப்ப குப்பி இஞ்சின் பக்கம் இருக்கணும், தட்டுல ஆடுற சின்ன ஊசி ஒண்ணு இருக்கும், தட்டு செங்குத்தா நிக்கிற இஞ்சின்னா அந்த ஊசி மேல் பக்கமா வரணும், இல்லேன்னா காத்து அடைச்சுக்கும்.