செயல் வாழிடமா, சூழற்பங்கா?

சுவரில் விளக்கு வைப்பதற்கென்று விடப்படும் குழிவை மாடம் என்றும் பிறை என்றும் சொல்கிறோம். அக்குழிவுக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயரே ‘நிச்’. கூட்டைக் குறிக்கும் ‘நீடுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே அதன் வேர் என்பர். பிறப்பிலேயே இடத்தைச் சுட்டிய இச்சொல், சூழலியலுக்குள் வந்தபின் இடத்தைவிட்டு மெல்ல விலகிவிட்டது. அந்தச் சூழலியல் பொருளுக்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்பதே இங்குள்ள கேள்வி.

1917இல் விலங்கியலாளர் ஜோசப் கிரின்னெல் கலிபோர்னியப் பறவை ஒன்றைப் பற்றி எழுதியபோது, அது வாழ்வதற்கு ஏற்ற சூழலையே பெரும்பாலும் இச்சொல்லால் குறித்தார். 1927இல் சூழலியலாளர் சார்லஸ் எல்டன், ஒரு விலங்குக்கு அதன் இரையோடும் பகையோடும் உள்ள உறவே நிச் என்று பொருளைத் திருப்பினார். வெப்பம், ஈரம், இரையின் அளவு போன்ற ஒவ்வொன்றையும் ஓர் அச்சாகக் கொண்ட பல பரிமாண வெளியாக 1957இல் சூழலியலாளர் ஹட்சின்சன் அதை வரையறுத்தார்.

ஒரே மரத்தைப் பாருங்கள். இலை தன் பச்சையத்தைக் கொண்டு ஒளியிலிருந்து ஆற்றலைப் பெறுகிறது. கம்பளிப்புழு அந்த இலையைத் தின்கிறது. மரங்கொத்தி பட்டைக்குள் இருக்கும் புழுவைத் தேடுகிறது. பூஞ்சையோ நொதிகளை வெளியே சுரந்து, செத்த கட்டையைக் கரைத்து உறிஞ்சுகிறது. கிளையில் வேரூன்றிய புல்லுருவி நீரையும் உப்புகளையும் மரத்திடமிருந்து எடுத்துக்கொண்டாலும், பச்சை இலைகள் இருப்பதால் உணவைத் தானும் ஆக்கிக்கொள்கிறது. ஆகவே தற்சார்பு ஊட்டம் (உணவைத் தானே ஆக்குதல்), பிறசார்பு ஊட்டம் (உணவைப் பிற உயிர்களிடமிருந்து பெறுதல்) என்னும் இரட்டைப் பிரிவுக்குள் அது முழுதாக அடங்குவதில்லை. இவை யாவற்றுக்கும் வாழிடம் ஒன்று, நிச் வெவ்வேறு.

நிச் என்பதைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘செயல் வாழிடம்’ என்கின்றன. ‘செயல்’ என்னும் அடைமொழி பொருளை ஓரளவு காத்தாலும், தலைச்சொல் வாழிடமாகவே நிற்பதால், இது வாழிடத்தின் ஒரு வகை என்று மாணவர் எண்ண இடமுண்டு. அதற்கு மாற்றாக எண்ணத்தக்க, நிலத்தையும் பொழுதையும் உயிரையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே தழுவும் ‘திணை’ கவர்ச்சியான சொல்தான்; ஆனால் திணை பல உயிர்களுக்குப் பொது, நிச் ஓர் இனத்துக்கே உரியது.

‘சூழற்பங்கு’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. பங்கு என்றால் கிடைக்கும் கூறு. பங்காற்றுதல் என்றால் செய்யும் வேலை. ஓர் உயிரினம் ஒளி, இரை, நீர் ஆகியவற்றில் பெறும் கூறும், கூட்டத்துக்குள் அது செய்யும் வேலையும் இவ்வொரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஒரே வகை இரையைத் தந்து பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிரியின் இரு இனங்களை உயிரியலாளர் காஸ் ஒன்றாக வளர்த்தபோது, ஓரினம் பெருக மற்றது அற்றுப்போனது. 1934இல் அவர் நூலாக்கிய இச்சோதனைகளின் முடிவை, இரண்டு இனங்கள் ஒரே சூழற்பங்கில் நெடுநாள் நிலைக்க இயலாது என்று தமிழில் நேராகவே சொல்லிவிடலாம்.