கீறல் விழுந்த சிடி எப்படிப் பாடுகிறது? விலை உயர்ந்த பிளேயரில் எதற்குக் காசு?

ஒரு வாசகரின் கேள்வி: "நல்ல ஆம்ப், நல்ல ஸ்பீக்கர் இருக்கிறது. இரண்டு லட்ச ரூபாயில் ஒரு சிடி பிளேயர் பார்த்து வைத்திருக்கிறேன். இருபதாயிரம் ரூபாய் பிளேயரைவிட அது சிடியைத் துல்லியமாகப் படிக்குமா?"

படிக்காது. பழுதில்லாத இரண்டு பிளேயர்கள் நல்ல சிடியிலிருந்து எடுப்பது ஒரே எண்களைத்தான், ஒரு பிட் கூட மாறாமல். விலை வித்தியாசத்துக்குக் காரணங்கள் உண்டு, ஆனால் அவை வேறு இடத்தில் இருக்கின்றன.

அடிப்படை தெரிந்ததுதான். ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறார்கள். இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து நொடிக்கு 14,11,200 பிட். அவை 1.6 மைக்ரான் இடைவெளியில் சுற்றும் சுருள் தடத்தில் குழிகளாகப் பதிகின்றன. 780 நானோமீட்டர் லேசர் உள்ளிருந்து வெளிப்புறமாக நகர்ந்து படிக்கிறது. தடம் ஓடும் வேகம் மாறக்கூடாது என்பதற்காக, மையத்தருகே நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று சுழலும் டிஸ்க் விளிம்பில் 200க்கு இறங்கும். பிலிப்ஸும் சோனியும் 1980இல் வகுத்த விதி இது, இன்றும் அதேதான்.

ரசிக்க வேண்டிய சங்கதி இனிமேல்தான். உறை பிரிக்காத புது சிடியிலும் பிழை உண்டு. எண்கள் 24 பைட் இசை கொண்ட "ஃபிரேம்" என்ற சிறு கட்டுகளாக வருகின்றன; நொடிக்கு 7,350 ஃபிரேம்கள் ஓடுகின்றன. அவற்றில் சராசரியாக 220 வரை பிழையோடு வரலாம் என்று தரவிதியே அனுமதிக்கிறது. ஆனாலும் காதுக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஏன்?

கிராஃப் தாளில் ஒரு நேர்கோட்டைச் சொல்ல இரண்டு புள்ளி போதும். நான்கு புள்ளியாக அனுப்புங்கள். வழியில் ஒன்று இடம் மாறினால் மற்ற மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும்; தவறியது எது, அது எங்கே இருந்திருக்க வேண்டும் என்ற இரண்டும் தெரிந்துவிடும். இன்னின்ன புள்ளி கெட்டது என்று முன்கூட்டியே யாராவது சொல்லிவிட்டால் இன்னும் லாபம்: நான்கில் இரண்டே அழிந்தாலும் மீதி இரண்டை வைத்துக் கோட்டைப் போட்டுவிடலாம். அதாவது, பிழையின் இடம் தெரிந்தால் இரண்டு மடங்கு பிழையைத் திருத்தலாம். இர்விங் ரீடும் குஸ்தாவ் சாலமனும் 1960இல் வெளியிட்ட குறிமுறை இதுதான். நேர்கோட்டுக்குப் பதில் உயர்படிப் பல்லுறுப்புக்கோவை, நாம் எண்ணும் எண்களுக்குப் பதில் 256 உறுப்புகள் மட்டுமே கொண்ட ஒரு தனிக் கணக்குலகம்.

சிடியில் இந்தக் குறிமுறை இரண்டு அடுக்காக வருகிறது. 24 பைட் இசையோடு 4 பைட் சேர்த்து 28 ஆக்குவது ஓர் அடுக்கு. இன்னும் 4 சேர்த்து 32 ஆக்குவது அடுத்தது. இரண்டுக்கும் நடுவில்தான் சூட்சுமம். அந்த 28 பைட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதில்லை. முதல் பைட்டைத் தாமதமின்றி, இரண்டாவதை 4 ஃபிரேம் தள்ளி, மூன்றாவதை 8 ஃபிரேம் தள்ளி என்று கடைசி பைட்டை 108 ஃபிரேம் தள்ளிக் கொண்டுபோய் எழுதுகிறார்கள். தடத்தில் அளந்தால் கிட்டத்தட்ட 18 மி.மீ. நீளத்துக்கு ஒரு கொத்து சிதறிக் கிடக்கும்.

இப்போது ஒரு கீறல் தொடர்ச்சியாக 16 ஃபிரேம்களைத் துடைத்துவிட்டது என்று வையுங்கள். படிக்கும்போது, எழுதுகையில் கடைசியாகச் சேர்த்த அடுக்கு முதலில் பார்க்கிறது. தன்னால் முடியாது என்று கண்டதும் அந்த ஃபிரேம்களின் எல்லாப் பைட்டிலும் "நம்பாதே" என்று கொடி குத்தி அனுப்புகிறது. சிதறியவை மறுபடி ஒன்று சேரும்போது எந்தக் கொத்திலும் 4 பைட்டுக்கு மேல் கெட்டிருக்காது. அவற்றின் இடமும் கொடியால் தெரியும். கைவசம் உள்ள உபரி பைட்டும் சரியாக நான்கு. முழுத் திறனையும் பயன்படுத்தும் பிளேயரில் சுமார் 2.5 மி.மீ. நீள ஓட்டை சுவடில்லாமல் மறைந்துவிடும்.

அதைத் தாண்டினால் பிளேயர் முன்பின் அளவுகளின் சராசரியைப் போட்டு ஒப்பேற்றும். இது ஏறக்குறைய 8 மி.மீ. வரை தாங்கும். அதற்கும் மேல் மௌனம், அல்லது "டிக்". முழுதாகச் சரி, ஊகம், மௌனம் என்று மூன்றே படிகள். பிட் பிழையால் குரலில் ஈரம் போயிற்று, பேஸ் மெலிந்தது என்பதெல்லாம் நடக்க வழியே இல்லை. சிடியின் விளிம்பில் பச்சை மார்க்கர் தீட்டினால் ஒலி தெளியும் என்று ஒரு காலத்தில் அதற்கென்றே பேனா விற்றார்கள். தாயத்துக்கும் அதற்கும் வித்தியாசம் பேக்கிங்கில் மட்டும்தான்.

சிடியைத் துடைக்கும் முறையும் இங்கிருந்தே வருகிறது. மையத்திலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். அப்படி விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாகத்தான் தடத்தை வெட்டும். வட்டமாகத் துடைத்து விழும் கீறலோ தடத்தோடு கூடவே ஓடி, பல சென்டிமீட்டரை ஒரேயடியாக விழுங்கும். எந்தக் கணக்கும் அதைக் காப்பாற்றாது.

ரீட், சாலமன் இருவரின் ஆய்வுத்தாள் மொத்தம் ஐந்தே பக்கம். அதைச் சிக்கனமாக அவிழ்க்கும் வழி 1960களின் கடைசியில்தான் கிடைத்தது. கடைக்கு சிடி வந்தது 1982இல். "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் நிதிக்குழுவிடம் அது சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

மோட்டார் கொஞ்சம் தடுமாறினால்? அதுவும் ஒலியில் ஏறாது. படித்த எண்கள் ஒரு நினைவகத்தில் நிரம்பி, அங்கிருந்து குவார்ட்ஸ் கடிகாரத்தின் தாளத்துக்கு வெளியே போகின்றன. நினைவகம் காலியானால் மோட்டார் விரையும், நிறைந்தால் நிதானிக்கும்.

ஆகவே காசு கேட்கும் இடங்கள் வேறு. முதலாவது அந்தக் கடிகாரம். எண்களை மின்னழுத்தமாக்கும் டிஏசி சில்லுக்கு அருகிலேயே அது இருப்பது நல்லது. சிடியைப் படிக்க மட்டும் செய்யும் டிரான்ஸ்போர்ட் தனி, டிஏசி தனி என்று வாங்கி கோஆக்சியல் கேபிளில் இணைத்தால், வந்துசேரும் சிக்னலிலிருந்தே டிஏசி தாளத்தை மீட்டெடுக்க வேண்டும். இன்றைய நல்ல டிஏசிகள் இதைச் சமாளிக்கும், ஆனால் ஒரே பெட்டியில் அந்தத் தொல்லையே இல்லை. கேபிள் 75 ஓம் என்றிருந்தால் போதும்.

விளம்பரத்தில் "32 பிட்" என்று பெரிதாகப் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம்; சிடியில் இருப்பது 16தான். பிலிப்ஸின் முதல் பிளேயர்கள் 14 பிட் சில்லை வைத்தே, 4 மடங்கு ஓவர்சாம்ப்ளிங் (அளவுகளுக்கு நடுவே கூடுதல் அளவுகளைக் கணக்கிட்டு நிரப்புவது) செய்து, அந்த 16 பிட் தரத்தை எட்டின. கேட்க வேண்டியது, அளவுகளுக்கு நடுவே அலையைக் கணக்கிட்டு நிரப்பும் டிஏசியின் ஃபில்டரைப் பற்றி. 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பல சிடிகள் உச்சத்தை முட்டும் சத்தத்தில் பதிவானவை. இரண்டு அளவுகளுக்கு நடுவே அலை உச்சத்தைத் தாண்டி எழும். அதற்கு இடம் விடாத டிஏசியில் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

கடையில் இரண்டு பிளேயரை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்தாவிட்டால் எல்லாம் வீண். 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். இரண்டு அளவும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். வழக்கமான வெளியீடு 2 வோல்ட், ஒன்று 2.2 கொடுத்தால் அது 0.8 டெசிபல் கூடுதல், காது அதையே "தெளிவு" என்று வாங்கிக்கொள்ளும்.

என் கணிப்பில் முதல் கேள்வி இவை எதுவுமில்லை: லேசர் பிக்கப்பின் (சிடியைப் படிக்கும் லேசர்-லென்ஸ் பாகம்) மாடல் எண் என்ன, உதிரியாகக் கிடைக்குமா? பிலிப்ஸின் சிடி-புரோ2 மெக்கானிசம் ஒரு காலத்தில் பல விலை உயர்ந்த பிளேயர்களில் இருந்தது. உற்பத்தி நின்றபின், லேசர் போனால் அந்தப் பெட்டிகள் அலமாரிக்கு அழகுதான். எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி என்ற வேறு வகை) டிஸ்க் கையில் இல்லையென்றால் அதற்காகக் கூடுதல் பணமும் வேண்டாம்.

பழைய பிளேயர் வாங்குபவர்கள் அழித்து எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ ஒன்றில் பாட்டைப் பதிந்து கொண்டுபோங்கள். சாதாரண சிடியில் பாதிக்கும் குறைவான ஒளியைத்தான் அது திருப்பும். படிக்கும் என்று விவரக்குறிப்பில் சொல்லியிருந்தும் திணறினால் லென்ஸில் தூசி அல்லது லேசர் களைத்துவிட்டது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால், அழுத்தாமல், ஒருமுறை துடைத்துப் பார்க்கலாம். அசிட்டோன் கூடவே கூடாது, பல லென்ஸ்கள் பிளாஸ்டிக். டிராயர் பாதியில் நின்றால் பெரும்பாலும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், செலவு சொற்பம். ஜப்பானில் விற்ற மாடல் என்றால் பின்பக்கம் 100 வோல்ட் என்று இருக்கும். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். நடுவில் 100 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.