தூண்டல் உதைப்பு

லித்தியம் பேட்டரியில் ஓடும் மோட்டாரின் இணைப்பைச் சட்டெனத் துண்டித்தால் எழும் மின்னழுத்த அடிக்குத் தமிழில் என்ன பெயர், அதனால் பேட்டரிக்கு என்ன ஆபத்து? ஆங்கிலத்தில் அது 'இன்டக்டிவ் கிக்பேக்'. அகராதியில் 'கிக்பேக்' என்று தேடினால் கமிஷன், லஞ்சம் என்றும் வரும். அது வேறு கதை. இங்கே வேண்டியது பட்டறைப் பொருள்: புல்லட் கிக்கரை அரைகுறையாக மிதித்தால் திருப்பி அடிக்குமே, அந்த அடி.

மோட்டாருக்குள் இருப்பது கம்பிச் சுருள். அதில் ஓடும் மின்னோட்டம் சட்டென நிற்காது; வலிய நிறுத்தினால் சுருளின் மின்னழுத்தம் எகிறும். நீளமான கம்பியை பேட்டரியிலிருந்து பிரிக்கும்போது பெரிய பொறி பறப்பதைக் கவனித்து, அமெரிக்கரான ஜோசப் ஹென்றி 1832-இல் எழுதினார். பாடநூலில் இதற்குப் பெயர் தன் மின்தூண்டல். 1 மில்லிஹென்றி (தூண்டலின் அலகு) சுருளில் ஓடும் 2 ஆம்பியரை ஒரு மைக்ரோவினாடியில் நிறுத்தினால் கணக்குப்படி 2000 வோல்ட். அவ்வளவு ஏறும் முன்பே ஸ்விட்சில் பொறி பறக்கும், அல்லது ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் போய்விடும்.

'பின்னுதைப்பு' என்றும் சொல்லலாம்தான். ஆனால் 'பின்' குழப்பும். மின்னோட்டம் பின்னால் திரும்புவதில்லை, அதே திசையில்தான் ஓடப் பார்க்கிறது. தலைகீழாவது சுருளின் மின்னழுத்தம். அதனால் 'தூண்டல் உதைப்பு' போதும் என்பது என் கட்சி.

சரி, லித்தியம் பேட்டரிக்கு என்ன ஆபத்து? உதை வாங்குவது பெரும்பாலும் செல் அல்ல, அதன் பாதுகாப்பு போர்டு. ஒற்றை 18650 செல்லோடு (உருளை வடிவ லித்தியம் செல்) வரும் சின்ன போர்டுகளில் பரவலாக இருப்பது 8205 மாஸ்ஃபெட். அதன் தாங்குதிறன் சுமார் 20 வோல்ட். சக்கரம் சிக்கி மோட்டார் நின்றால் மின்னோட்டம் எகிறும், போர்டு இணைப்பைத் துண்டிக்கும். மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும்போதே துண்டிப்பதால் உதையும் பலமாக விழும். மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. மோட்டார் வழக்கம்போல ஓடும். அப்புறம் செல் அடிமட்டம் வரை வடிந்தாலும் தடுக்க ஆளில்லை.

மருந்து, மோட்டாரின் இரு முனைகளுக்குக் குறுக்கே, மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் ஒரு டையோடு. கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம்; மாற்றிப் போட்டால் நேரடி ஷார்ட். சைக்கிளின் ஃப்ரீவீலை வைத்து ஆங்கிலத்தில் இதை 'ஃப்ரீவீலிங் டையோடு' என்கிறார்கள். மின்னோட்டம் அதன் வழியே சுற்றி அடங்குவதால் தமிழில் 'சுற்றுவழி டையோடு' எனலாம். மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கும் பிடபிள்யூஎம் வேகக் கட்டுப்பாடு இருந்தால் சாதாரண 1என்4007 டையோடு மந்தம், வேகமான ஷாட்கி டையோடு போடுங்கள்.

இரு திசையிலும் ஓடும் மோட்டாருக்கு ஒரு டையோடு பத்தாது, நான்கு வேண்டும். மோட்டாரை இயக்கும் டிரைவர் சிப்புகளில், எல்293டி-யில் அவை உள்ளேயே இருக்கின்றன. எல்298-இல் இல்லை, வெளியே போட வேண்டும். அந்த நான்கும் மின்னோட்டத்தை பேட்டரி லைனுக்கே திருப்பிவிடும். அந்த நேரம் போர்டு துண்டித்திருந்தால் லைனின் அழுத்தம் ஏறும்; அதைத் தாங்க டிரைவர் அருகிலேயே ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்க வேண்டும்.