சிற்றினம்: 'இனம்' மட்டும் போதாது

திருத்தக் கொடுத்த மொழிபெயர்ப்பு ஒன்றில் இப்படி ஒரு வரி: "இந்த இனத்தில் 70க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன." படிப்பவருக்கு என்ன புரியும்? முதல் இனம் ஜீனஸ், அதாவது நெருங்கிய உறவுள்ள உயிர்வகைகளை அடக்கும் மேல்படி; இரண்டாவது ஸ்பீசிஸ், அதற்குள் அடங்கும் தனி உயிர்வகை. பேரினம், சிற்றினம் என்று பள்ளிப் பாடநூலிலேயே தெளிவான இணை இருக்க, இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவது என்ன வழக்கமோ!

ஸ்பீசிஸ் லத்தீன் சொல். பார்த்தலைக் குறிக்கும் வினையடியில் பிறந்தது, தோற்றம் என்று பொருள். ஜீனஸ் என்றால் பிறப்பு, குலம். சொற்பிறப்பு அவ்வளவுதான்.

அந்த வரி பேசியது ஆனைமுடித் தவளையின் பேரினத்தை. கேரளத்தில் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி மலையின் உச்சிப் பகுதியில், இரவிகுளம் தேசியப் பூங்காவில் வாழும் தவளை அது. செங்கல் நிறம், குட்டைக் கால்கள், மேனியெங்கும் புடைத்த சுரப்பிகள். 2010இல் தவளை ஆய்வாளர் பிஜுவும் உடன் ஆய்ந்தவர்களும் வைத்த பெயர் ரவோர்கெஸ்டிஸ் ரெஸ்ப்ளெண்டென்ஸ். முன்சொல் பேரினத்தின் பெயர், பின்சொல் சிற்றினத்தினுடையது. பின்சொல்லுக்கு ஒளிர்வது என்று பொருள். முன்சொல்லில் இருப்பவர் இன்னொரு தவளை ஆய்வாளர் சி. ஆர். நாராயண ராவ். ஒரே கட்டுரையில் பேரினமும் புதிது, சிற்றினமும் புதிது. 'புதிய இனம்' என்று எழுதினால் பாதிச் செய்தி போயிற்று. விலங்கியலாளர் ஜெர்டன் 19ஆம் நூற்றாண்டில் நீலகிரியிலிருந்து விவரித்த தவளையும் இந்தப் பேரினத்துக்குள் வந்தது. முன்பெயர் மாறியது, டின்னியென்ஸ் என்ற பின்பெயர் அப்படியே நின்றது. இந்த மாற்றத்தை 'இனம்' ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு விளக்கிக் காட்டுங்கள் பார்ப்போம்.

'சிற்றினம்' கூடாது என்பவர்கள் வள்ளுவரைத் துணைக்கு அழைக்கிறார்கள். "சிற்றினம் அஞ்சும் பெருமை" என்று 46ஆம் அதிகாரம் தொடங்குகிறதே, அது கீழோர் கூட்டமல்லவா என்கிறார்கள். சரி. அதே அதிகாரத்தில் "இனத்தியல்ப தாகும் அறிவு" என்றும் வருகிறது. அங்கே இனமும் சேர்ந்து பழகும் கூட்டம்தான், உயிர்வகை அல்ல. வள்ளுவர் பொருளைத்தான் காப்போம் என்றால் 'இனம்' என்ற சொல்லையும் சேர்த்தே கைவிட வேண்டும். சிறுமை எல்லாம் இழிவும் அல்ல. சிற்றூர் இழிந்த ஊரா, சிற்றன்னை இழிந்தவளா?

இலங்கைப் பாடநூல்களில் ஜீனஸுக்குச் சாதி, ஸ்பீசிஸுக்கு இனம். இரு படிக்கு இரு சொல் இருப்பதால் அங்கே குழப்பமில்லை, அதை மதிக்கிறேன். ஆனால் சாதி என்ற சொல்லைத் தவளைக்கும் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. லத்தீன் எழுத்தில் பேரினப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும், சிற்றினப் பெயர் சிறிய எழுத்தில். நம் எழுத்தில் அந்த வேறுபாடே கிடையாது. எது எந்தப் படி என்பதைச் சொல்தான் காட்ட வேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள் அதையும் விழுங்கிவிடுகிறார்கள். செய்தித் தலைப்பில் இடம் போதாது என்ற சாக்கும் செல்லாது: "புதிய தவளைப் பேரினம்; ஆனைமுடியில் புதிய சிற்றினம்". ஆறே சொற்கள்.