ஆறு வயசுல வர்ற கடவாய்ப்பல்லு பால் பல்லு இல்லைங்க

ஸ்கூல் கேம்ப்ல பிள்ளைங்க வாயத் திறந்ததும் நான் முதல்ல பாக்குறது கடைசியில இருக்கிற கடவாய்ப்பல்லத்தான். கிராமத்து ஸ்கூல்ல எட்டு ஒம்பது வயசுலயே அதுல கருப்பா குழி விழுந்த பிள்ளைங்கள நிறைய பாத்துட்டேன். அம்மாவக் கூப்பிட்டுக் காட்டினா "பால் பல்லுதானே டாக்டர், விழுந்து முளைச்சிரும்ல"ன்னு கேப்பாங்க. முளைக்காதுங்க, அது நிரந்தரப் பல்லு.

அவங்க அப்படி நினைக்கிறதுல தப்பில்ல, ஏன்னா பால் பல்லு விழுந்தாத்தான் புதுப் பல்லு வரும்னு எல்லாரும் நம்புறோம், ஆனா இது எந்தப் பல்லையும் தள்ளிட்டு வராது, ஆறு வயசு வாக்குல பால் பல்லு வரிசைக்குப் பின்னாடி மேல ரெண்டு கீழ ரெண்டுன்னு தானா வந்துரும். முழுசா வெளிய வர மாசக்கணக்காகும், அதுவரைக்கும் பக்கத்துப் பல்லவிட தாழ்வா இருக்கறதால பிரஷ் மேலாப்புலயே போயிரும். மேல்பக்கம் ஆழமான கோடு கோடா இருக்கும், மிட்டாய் பிஸ்கட் துணுக்கெல்லாம் அதுக்குள்ள போய் தங்கிரும், அங்க இருக்கிற கிருமி அந்த சர்க்கரைய ஆசிடா மாத்தி பல்லக் கரைக்கும். ஒவ்வொரு தடவ இனிப்பு வாய்க்குள்ள போகும்போதும் இது கிட்டத்தட்ட அரைமணி நேரம் நடக்கும், அதனால ஒரே நேரத்துல தின்னு முடிக்கிறத விட நாள் முழுக்க கொறிக்கிறதுதான் மோசம்.

தூங்கும்போது எச்சில் குறைஞ்சிரும், அதனால ராத்திரி பிரஷ் பண்றது ரொம்ப முக்கியம். ஏழு எட்டு வயசு வரைக்கும் பிள்ளைங்களுக்கு கை சரியா வராதுங்க, பெரியவங்கதான் தேச்சு விடணும். கன்னத்த லேசா ஒதுக்கி, பிரஷ்ஷ குறுக்கால திருப்பி அந்தக் கடைசிப் பல்லுக்குன்னு தனியா தேய்ங்க. 1000 பிபிஎம்முக்குக் (அதாவது பத்து லட்சம் பங்குல ஆயிரம் பங்கு) குறையாம ஃப்ளோரைடு இருக்கிற பேஸ்ட், பட்டாணி அளவு போதும், நுரையத் துப்பினா சரி, தண்ணி விட்டு அலசிக் கொப்பளிக்க வேண்டாம்.

எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் கேம்ப்ல நாங்க எழுதிக் குடுக்கிற சீட்டுதான். "பல் டாக்டரப் பாக்கவும்"னு எழுதிக் குடுப்போம், ஆஸ்பத்திரி தூரம், கூட்டிட்டுப் போனா ஒருநாள் வேலை போயிரும், சீட்டு ஸ்கூல் பையிலயே கசங்கிக் கிடக்கும், அப்புறம் கன்னம் வீங்கி வரும்போது பல்லப் பிடுங்கறதத் தவிர பெருசா வழி இருக்காது. ஆனா சின்னக் குழிய ஸ்கூல் பெஞ்சுலயே அடைக்கலாம், கரண்ட் வேண்டாம், டிரில் வேண்டாம், சொத்தைய கைக்கருவியால சுரண்டி எடுத்துட்டு கிளாஸ் அயனோமர் சிமெண்ட் வச்சிரலாம். சில்வர் டயமைன் ஃப்ளோரைடுன்னு ஒரு சொட்டு மருந்து இருக்கு, சொத்த பரவாம தடுக்கும், தடவின இடம் கருத்துப்போகும், கடவாய்ப்பல்லுன்னா அது வெளிய தெரியாது. ரெண்டையுமே உலக சுகாதார நிறுவனம் 2021ல அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேத்திருக்கு. பிரஷ்ஷும் பேஸ்ட்டும் குடுத்து போட்டோ எடுத்துட்டுக் கிளம்புற கேம்ப்ப விட, இந்த வேலைய அங்கயே முடிச்சுட்டு வர்ற கேம்ப்தான் ஸ்கூலுக்கு வேணும், டீச்சர்ங்க இத கேட்டு வாங்குங்க.

ஒண்ணாவது ரெண்டாவது படிக்கிற பிள்ளைங்க வீட்டுல இருந்தா டார்ச் அடிச்சு கடைசிப் பல்லப் பாருங்க. தேச்சும் போகாத கருப்புக் கோடோ சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டோ தெரிஞ்சா, வலி வர்ற வரைக்கும் காத்திருக்காம அந்த வாரமே கூட்டிட்டுப் போயிருங்க.